தனுஷ்கோடி ரயிலடி: புயலுக்கு முன்பே மூடப்பட்ட கதை

தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் புயலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22, நள்ளிரவு, இருட்டு, மலையளவு அலை, உள்ளே நூற்றுச் சொச்சம் பேரோடு ஒரு ரயில். அப்புறம் இடிந்த தேவாலயம், மணலில் பாதி புதைந்த சுவர், ஒற்றை நாய், நிசப்தம். போட்டோ நல்லா விழும். வாரப் பத்திரிகைகள் ஒவ்வொரு டிசம்பரிலும் இதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பிழைப்பை ஓட்டியிருக்கின்றன. கேட்டுக்கேட்டு நமக்கும் தனுஷ்கோடி என்றால் அந்த ஓர் இரவு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

இந்தக் கட்டுரையும் அந்த இரவுக்கு வந்து சேரும். ஆனால் அங்கிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரு ரயிலடி மூடப்பட்டது என்றால் முதலில் கேட்க வேண்டியது, அதை எதற்குத் திறந்தார்கள், யாரை ஏற்றி இறக்கத் திறந்தார்கள் என்பது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பித்துப் போவதற்குப் புயல் ரொம்ப வசதியான கதையாடல். பழியைக் கடல் மேல் போட்டாச்சுன்னா வேறு யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை பாருங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பழைய ரயில் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாம்பன் ஒரு ஜங்ஷன். பாலம் தாண்டித் தீவுக்குள் வந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று 15 மைல் ஓடித் தனுஷ்கோடியில் முடியும். இன்னொன்று ஆறேகால் மைலில் ராமேஸ்வரம். இதில் எது பிரதானப் பாதை, எது கிளைப் பாதை? இன்றைக்குக் கேட்டால் யாரும் ராமேஸ்வரம்தான் பிரதானம் என்பார்கள். கிடையாது. தனுஷ்கோடிதான் பிரதானம், ராமேஸ்வரம் கிளை. காசிக்கு அடுத்த ஷேத்திரம் என்று இந்தியா முழுக்க ஜனம் வந்து குவிகிற ஊர், ரயில்வேயின் கணக்கில் ஒரு துணைத் தொங்கல். சாமி கிளைப் பாதையில் இருந்தது, தேயிலை பிரதானப் பாதையில் போனது. காலனியத்தின் முன்னுரிமை எது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மதுரையிலிருந்து மண்டபம் வரை தென்னிந்திய ரயில்வே 1902லேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் கடல். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 145 தூண்கள், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கிற ஷெர்சர் தூக்குப் பகுதி. பொறியியல் அதிசயம் என்று இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்த அதிசயத்தைத் திறந்து மூடியது எந்திரம் இல்லை, ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச்சுற்றித் தள்ளித்தான் பாலம் வாய் திறக்கும் என்பதைக் கடைசி வரியில்தான் போடுவார்கள்.

பாலம் வருவதற்கு முன்னால் கொழும்புக்குப் போகிற வழி தூத்துக்குடி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து இரவு முழுக்கக் கப்பல். 1914க்குப் பிறகு சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரைக்கும் ரயில், பிறகு 22 மைல் கடல், தலைமன்னாரில் இறங்கினால் பாலத்துறையிலேயே இலங்கை ரயில் நிற்கும். ரயில், கப்பல், மறுபடி ரயில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். இதுதான் போட் மெயில். கப்பல்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் வைஸ்ராய்களின் பெயர். பின்னால் வந்தவை இர்வின், கோஷன். ஒருவர் வைஸ்ராய், மற்றவர் சென்னை கவர்னர். கூலிகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல்களுக்கு இந்தப் பெயர்கள்.

போட் மெயில் பற்றி இப்போது பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதிரி ஏக்கத்தோடுதான் பேசுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்தவர்கள், பட்டு எடுக்க வந்தவர்கள், கச்சேரி கேட்க வந்தவர்கள், இங்கேயிருந்து கொழும்புக் கடைத்தெருவுக்குப் போய்வந்த செட்டிமார், வியாபாரிகள். பொய்யில்லை, எல்லாரும் போய்வந்தார்கள். இந்த நினைவுகளை எழுதி வைக்கக்கூடியவர்களும் அவர்கள்தான். ஆனால் இந்தப் பாதையைப் போட்ட முதலாளிக்கு அவர்கள் உபரி லாபம். பாதை போட்டதன் காரணம் வேறே.

*

அந்தக் காரணத்தின் பெயர் கண்டிச்சீமை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை மலைகளில் காப்பி போட்டார்கள். காப்பிக்கு இலைநோய் வந்து அழிந்ததும் தேயிலை. இரண்டுக்கும் ஆள் வேண்டும். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள்கட்டிக்கொண்டு போனார்கள். யார் போனார்கள்? நிலமில்லாதவர்கள். அதிலும் பெரும்பகுதி பண்ணையில் அடிமையாகக் கிடந்த பறையரும் பள்ளரும். பஞ்சம் வந்த வருஷங்களில் மற்ற சாதி ஏழைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஊரில் மிராசுதாரனின் சாட்டை, அங்கே துரையின் சவுக்கு. இரண்டுக்கும் நடுவில் கங்காணி. அவன் முன்பணம் கொடுப்பான், வழிச்செலவு பார்ப்பான், எல்லாத்தையும் கணக்கில் எழுதுவான். தோட்டத்தில் காலடி வைக்கும்போதே ஆள் கடனாளி. வேலைக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு வேறு.

ரயிலுக்கு முந்தைய காலத்தில் இவர்கள் பாம்பனிலிருந்தும் சுற்று வட்டாரக் கரைகளிலிருந்தும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். காலரா, பெரியம்மை, காய்ச்சல், தாகம். விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்குக் கிடையாது. தோட்டத்துச் செக்ரோலில் பேர் ஏறுவதற்கு முன்னால் செத்தவனை யார் கணக்கில் எழுதுவது? அவன் இன்னும் யாருடைய ஆளும் ஆகவில்லையே.

ரயில் வந்த பிறகு இந்த நடைச்சாவு நின்றது. இதை மறுப்பதற்கில்லை. மறுத்தால் அது வெறும் பிடிவாதம். ஆனால் துரைமாருக்குக் கூலி வழியில் சாவது தர்ம சங்கடமாக மட்டும் இருக்கவில்லை, நஷ்டமாகவும் இருந்தது. முன்பணம் போட்ட சரக்கு வழியில் கெட்டுப்போவதை எந்த வியாபாரி பொறுப்பான்? சரக்கைச் சேதாரமில்லாமல் கொண்டுசேர்க்கிற ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது. தனுஷ்கோடி ரயிலடி அந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணி.

இன்னொரு கண்ணி டிக்கெட். மேலே சொன்ன போட் மெயில் பயணி தன் கையிலிருந்து காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறான். கூலிக்கு டிக்கெட் கிடையாது. அவனுக்குத் தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் கட்டிக்கொண்டால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். செலவு தோட்டத்துக் கணக்குக்குப் போகும், தோட்டத்திலிருந்து சுற்றிவந்து ஆள் தலையிலேயே விழும். காகித டிக்கெட்டில் போகிற ஊரின் பெயர் இருக்கும். தகரத்தில் உடைமைக்காரனின் அடையாளம் இருக்கும். ஆட்டின் காதில் போடுகிற சூட்டுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

மூன்றாவது கண்ணி மண்டபம் கேம்ப். முன்பு தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் இருந்த கூலி முகாம், பாதை மாறியதும் மண்டபத்துக்கு வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. கூலிகளை அங்கே சில நாட்கள் அடைத்து வைத்தார்கள். துணியை வெள்ளாவி போல ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, மலம் சோதித்து, சோறு போட்டு, பேர் பதிந்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். மேல் வகுப்பு டிக்கெட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் சலுகைகள் உண்டு. காலராக் கிருமிக்கு முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு பார்க்கத் தெரியும் போலிருக்கிறது! கொள்ளைநோய் பிடித்த நகரத்தை அடைத்துக் கண்காணித்ததில்தான் நவீன அதிகாரத்தின் மாதிரி உருவானது என்று ஃபூக்கோ எழுதியதை நம்மில் பலர் விழுந்துவிழுந்து படித்தோம், சிலர் மேற்கோள் காட்டியே பெரிய ஆளானார்கள். அதற்குப் பாரிஸ்வரை போக வேண்டியிருக்கவில்லை. மதுரையில் பாசஞ்சர் ரயில் ஏறி மண்டபம் கேம்ப் ஸ்டேஷனில் இறங்கியிருந்தால் போதும்.

ஆக, ஒரே தண்டவாளம், ஒரே கப்பல்துறை, ஆனால் இரண்டு தனுஷ்கோடிகள். ஒன்று சாமான் தூக்கும் போர்ட்டரும் சுங்க அதிகாரியும் காப்பியும் காலைக்காற்றும் உள்ள தனுஷ்கோடி. இன்னொன்றுக்கு நினைவுக் குறிப்பு எழுதும் வழக்கம் இல்லை. இலக்கியத்திலும் தோட்டம் வந்த அளவுக்குத் துறை வரவில்லை. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். மலையகத்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் எழுத்தில் இந்த வாசல் கிட்டத்தட்ட வெறுமையாகத்தான் கிடக்கிறது. நாம் புயலுக்காகக் காத்திருந்தோம்.

*

இனி மூடல். தலைப்பில் சொன்னது போல அது ஒரே நாளில் நடக்கவில்லை.

1930களின் பொருளாதார நெருக்கடி, இலங்கையில் இந்தியருக்கெதிரான அரசியல், கடைசியில் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கியது. இதற்கு எதிர்வினையாக இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதற்குத் தடை போட்டது. கவனியுங்கள், இந்த ரயிலடியைக் கட்டியதற்கான முதல் காரணம் அன்றைக்கே தீர்ந்துபோனது. கட்டடம் நின்றது, ரயில் ஓடியது, விசில் ஊதியது. ஆனால் 25 வருஷ வயதில் தனுஷ்கோடி தன் தொழிலை இழந்துவிட்டது. முதல் மூடல் இது.

இரண்டாவது மூடல் 1948. சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நூறு வருஷம் மலையை வெட்டி, கொழுந்து கிள்ளி, அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்த சனங்களிடம், உன் அப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? அதே வருஷம் வந்த குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு, முன்பு ஊருக்கும் தோட்டத்துக்குமாகப் போய்வந்தது போல இனிப் போய்வர முடியாது. தங்கச்சி கல்யாணத்துக்கு, அம்மா சாவுக்கு என்று இந்தப் பாதையில் போய்வந்த சனத்துக்கு 22 மைல் கடல் திடீரென்று இரண்டு நாடுகளுக்கு நடுவிலான எல்லை ஆனது. அனுமதி இல்லாமல் கடந்தவனுக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பேர். போகப்போக அந்தச் சொல் தோணியில் வராதவனையும், அங்கேயே மூன்று தலைமுறையாக இருந்தவனையும் குறிக்கிற வசவாக மாறியது. நேற்றுவரை தகரம் கட்டிக் கப்பலில் ஏற்றிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கள்ளத்தோணிகள். மொழி இப்படியும் வேலை செய்யும்.

மூன்றாவது, 1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பிறகு 1974இல் அதை 75,000, 75,000 என்று சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில் ஆட்டுமாட்டைப் பிரிப்பதற்குக்கூட மாட்டுக்காரனைக் கேட்பார்கள். இங்கே பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மலையகத் தலைவர்கள் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை.

சரியாக 53 நாள் கழித்துப் புயல் வந்தது.

*

அந்தமான் பக்கத்துக் கடலில் டிசம்பர் 17 அளவில் உருவான தாழ்வு அது. 22ஆம் தேதி வட இலங்கையைக் கடந்து இரவில் தனுஷ்கோடிமேல் ஏறியது. ஏழு மீட்டர் உயர அலை என்கிறார்கள். இரு பக்கமும் கடல் இருக்கிற மணல் திட்டில் ஏழு மீட்டர் அலை வந்தால் ஓடுவதற்கு எங்கே இடம்? ரயிலடி, சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், துறைமுக அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், குடிசைகள் எல்லாம் போயின. புயலின் மொத்தச் சாவு சுமார் 1,800 என்று சொல்லப்படுகிறது.

அந்த ரயிலின் கதை எல்லாருக்கும் தெரியும். எண் 653, பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். இரவு 11.55க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த டிரைவர் நீளமாக விசில் ஊதிவிட்டு, வருவது வரட்டும் என்று வண்டியை நகர்த்தினார். அலை ஆறு பெட்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள், மொத்தம் 115.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு இடங்களில் இடறுகிறது. வண்டியில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை என்றால் டிரைவர் மனசில் ஓடியதை நமக்குச் சொன்னது யார்? விசிலைக் கேட்டவர் யார்? கதையாடலுக்கு ஒரு நாயகன் வேண்டியிருந்திருக்கிறது. சிக்னல் எதிர்பார்த்துக் கடமையில் நின்ற ஒருவன், துணிந்து ஒரு முடிவெடுத்த ஒருவன். செத்துப்போன அந்தத் தொழிலாளியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. புயல் என்று தெரிந்த இரவில் அந்த வண்டியைப் பாம்பனிலிருந்து அனுப்பியது யார் என்ற கேள்வி, டிரைவரின் துணிச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது அந்த 110. அது டிக்கெட் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200ஐ நெருங்கலாம் என்று அப்போதிருந்தே பேச்சு இருக்கிறது. ஆக, டிக்கெட் எடுத்தவன் செத்தான், எடுக்காதவன் செத்தானா இல்லையா என்பது சந்தேகம். இந்த ரயிலடியில் ஆரம்பத்திலிருந்தே இதுதானே வழக்கம்? காட்டு வழியில் விழுந்தவன் செக்ரோலில் ஏறவில்லை. நாடற்றவனிடம் காகிதம் இல்லை. கடைசி வண்டியில் போனவனிடம் டிக்கெட் இல்லை.

*

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பாம்பன் பாலத்தின் உத்தரங்களில் பெரும்பகுதி, 126 என்று கணக்கு, கடலில் போய்விட்டது. ஷெர்சர் தூக்குப் பகுதியும் தூண்களும் நின்றன. சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்றார்கள். மேலிடம் மூன்று மாதம் என்றது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். அடித்துப் போன உத்தரங்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் அடையாளம் காட்டினார்கள், அவற்றை எடுத்து மறுபடி மாட்டினார்கள். ஸ்ரீதரன் பின்னால் புகழ்பெற்றபோது இந்தக் கதை ஆயிரம் முறை சொல்லப்பட்டது. சொல்லட்டும், உண்மையான சாதனைதான்.

46 நாளில் கடல்மேல் இரண்டு கிலோமீட்டர் பாலத்தை நிறுத்த முடிந்தது. பாம்பனிலிருந்து தரைவழி 15 மைல் தண்டவாளத்தை 60 வருஷத்தில் போட முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் எதிர்வாதம் உண்டு. தனுஷ்கோடி மணல் திட்டு, கடல் அதன் ஒரு பகுதியை விழுங்கியே விட்டது, மறுபடி ஒரு புயல் வந்தால் மறுபடி சாவு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்றைக்குப் பொறியாளர்கள் அங்கே மறுபடி கட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அவர்களைத் திட்டமாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கலாம். கூலிக் கூட்டம் லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருந்த 1920களில் இந்தப் புயல் வந்திருந்தால் தேயிலைக் கம்பெனிகள் ஆறு மாதம் பொறுத்திருக்குமா? வந்த ஆண்டு 1964. அந்த வாசலுக்கு ஏற்கெனவே மூன்று பூட்டுப் போட்டாயிற்று. யாத்ரீகர்களுக்கான கிளைப் பாதை திரும்ப வந்தது, பிரதானமாகவும் ஆனது. சாமி மேலே வந்தது, தேயிலைக்கு இனி ஆள் தேவையில்லை. புயல் ஒரு கட்டடத்தை இடித்தது. அதை மூடலாம் என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, இப்படி எழுதி வைத்துக் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கம் தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. மீனவர்கள் அந்தத் தகுதியின்மைக்குள்ளேயே திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். வேறே எங்கே போவது? கடல் அங்கேதானே இருக்கிறது. வாழத் தகுதியற்ற இடத்தில் வாழ்கிறவன் அரசின் கண்ணில் எப்படித் தெரிவான்? பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லை, ரோடு இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். சுற்றுலாக்காரர்களின் போட்டோக்களில் அவர்கள் சங்கும் சிப்பியும் விற்கிற ஓரத்து உருவங்கள். ‘ஆளில்லா ஊர்’ என்ற தலைப்புக்குக் கீழே அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

*

புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. இந்த முறை கப்பல் பெயர் ராமானுஜம். வைஸ்ராய் போய் ஆச்சாரியர் வந்தார். பயணிகள் பெரும்பாலும் அதே சனத்தின் வாரிசுகள், ஆனால் திசை தலைகீழ். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. எந்தத் தாயகம்? அவர்களில் பலர் இங்கே பிறந்ததில்லை, பார்த்ததுகூட இல்லை. போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? ஊர் சனம் ‘சிலோன்காரங்க’ன்னு சுருக்கமாச் சொல்லிவிட்டது. அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். இறங்கியவர்களை எங்கே கொண்டுபோனார்கள்? மண்டபம் கேம்ப்புக்கு. தாத்தாவைச் சோதித்து அனுப்பிய அதே முகாமில் பேரனைப் பதிந்து, நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் போட்டது. தேயிலையிலிருந்து தேயிலைக்கு. பெரிய மறுவாழ்வுதான்.

1983 கலவரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1984இல் கப்பல் நின்றது. தலைமன்னார்ப் பாதை 1990இல் போரில் சிதைந்தது. இந்தக் கரைக்கு அகதிகள் வந்தார்கள், டிக்கெட் இல்லாமல், இரவில், மீன்பிடிப் படகுகளில். பல படகுகள் அவர்களை இறக்கிவிட்ட இடம் அரிச்சல்முனையும் அதை ஒட்டிய மணல் திட்டுகளும். மூடப்பட்ட ரயிலடியின் பக்கத்திலேயே. எல்லாப் பூட்டையும் போட்ட பிறகும் சனம் அதே வாசலில்தான் வந்து நின்றது.

தலைமன்னார் ரயிலடி 2015 மார்ச்சில் திரும்பத் திறந்தது. இந்தியப் பிரதமர் போய்க் கொடியசைத்தார், பாதையைப் போட்டுக் கொடுத்ததும் இந்தியக் கம்பெனிதான். இந்தப் பக்கத்தில் 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. 2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய். அடிக்கல்லுக்கு மேல் தண்டவாளம் ஏறவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று, இப்போது தூக்குப் பகுதியை எந்திரம் தூக்குகிறது. சென்னைக்குப் போகிற இரவு ரயிலுக்கு இன்னும் ‘போட் மெயில்’ என்றுதான் பெயர். படகும் இல்லை, கடலைத் தாண்டிப் போகிற தபாலும் இல்லை.

நான் கடைசியாகப் போனபோது ரயிலடியின் மிச்சச் சுவர்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பொரித்த மீன் விற்கிற கடைகள். சாயங்காலம் ஆனதும் போலீஸ் வந்து எல்லாரையும் கிளம்பச் சொன்னது, இருட்டினால் இங்கே இருக்கக்கூடாதாம். சுற்றுலாக்காரர்கள் கிளம்பினார்கள். கடைக்காரர்களில் சிலர் அங்கேயே குடியிருப்பவர்கள், அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு மணலில் இறங்கி நடந்தார்கள்.

2022 மார்ச்சில் இலங்கையில் பால் மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது, ஒரு படகு சில பேரை அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் நள்ளிரவில் இறக்கிவிட்டுப் போனது. கைக்குழந்தையும் இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. விடிந்து வெகுநேரம் கழித்துக் கடலோரக் காவல்படை போய் அவர்களை மீட்டது. விசாரித்தார்கள், பேர் எழுதிக்கொண்டார்கள். பிறகு மண்டபம் கேம்ப்புக்கு அனுப்பி வைத்தார்கள்.